ஜோஹோ எக்ஸ்பென்ஸிலிருந்து டேலிக்கு: செலவுக் கணக்கை இணைக்க நான் பின்பற்றும் வழி

கோவை கணபதியில், நூற்பாலை இயந்திரங்களுக்கு சர்வீஸ் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். எங்களிடம் 11 சர்வீஸ் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமை விடிந்தால் ராஜபாளையம், வேடசந்தூர், உடுமலை என்று ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுவார்கள். மாதத்தில் இரண்டு மூன்று பேர் அகமதாபாத்துக்கோ லூதியானாவுக்கோ இச்சல்கரஞ்சிக்கோ ரயில் ஏறுவார்கள். அறை வாடகை, ஆட்டோ, டோல், அவசரத்துக்கு வாங்கும் ஒரு பெல்ட் என்று எல்லாமே முதலில் அவர்கள் கைக்காசு. அந்தப் பணம் அவர்களுக்குத் திரும்பிப் போய்ச் சேரும் வரை அவர்கள் வீட்டு பட்ஜெட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது என்பதை நான் மறப்பதில்லை. இந்த வேலையில் எனக்கு அக்கறை வந்ததே அதனால்தான்.

முன்பெல்லாம் பில்கள் பிளாஸ்டிக் கவரில் வரும், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் படமாக வரும். அப்புறம் ஜோஹோ எக்ஸ்பென்ஸ் என்ற செலவுக் கணக்குச் செயலியை எடுத்தோம். பில்லைப் படம் பிடித்தால் தேதியையும் தொகையையும் அதுவே படித்துக்கொள்கிறது. மேலாளர் செல்பேசியிலேயே ஒப்புதல் கொடுத்துவிடுகிறார். ஆனால் எங்கள் ஆடிட்டருக்கு வேண்டியது டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும் கணக்கு. அதனால் ஒப்புதலான ஒவ்வொரு பில்லையும் ஒரு திரையில் பார்த்து இன்னொரு திரையில் நான் மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன். மாதம் 300 பதிவுக்கு மேல். அதில் பிழை வராமல் இருக்குமா?

உங்கள் கணக்கு ஜோஹோ புக்ஸில் இருந்தால் இவ்வளவு பாடு இல்லை. இரண்டும் ஒரே குடும்பம், இணைப்பு உள்ளேயே இருக்கிறது, ஒப்புதலான ரிப்போர்ட் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். குவிக்புக்ஸ், ஸீரோ என்ற கணக்கு மென்பொருள்கள் வைத்திருப்பவர்களுக்கும் இணைப்பு வசதி உண்டு. ஆனால் இந்த இணைப்புகளிலும் வகைகளைப் பொருத்துவது, வரியைப் பிரிப்பது, இரட்டைப் பதிவைத் தடுப்பது எல்லாம் உங்கள் பொறுப்புதான். அதனால் நான் டேலியை வைத்துச் சொல்வதில் முக்கால்வாசி உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு நோட்டு, நடுவில் ஒரு கோடு

இணைப்பு என்றதும் பலரும் நேரே செட்டிங்ஸுக்குள் போய்விடுகிறார்கள். நான் சொல்வது, இரண்டு நாள் கணினியைத் தொடாதீர்கள். ஒரு நீள நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் செயலியில் இருக்கும் செலவு வகைகள், வலது பக்கம் டேலியில் இருக்கும் லெட்ஜர்கள், அதாவது கணக்குத் தலைப்புகள். ஒவ்வொரு இடது பெயருக்கும் ஒரே ஒரு வலது பெயர் கிடைக்க வேண்டும்.

எங்கள் நோட்டில் இடது பக்கம் 23 வகை வந்தது. 'டிராவல்', 'பயணம்', 'பஸ்', 'ஆட்டோ', 'கன்வேயன்ஸ்' என்று ஒன்றுக்கொன்று மேலே ஏறி நின்றன. அகமதாபாத் ஸ்டேஷனிலிருந்து மில்லுக்கு ஆட்டோவில் போன செலவை ஒருவர் 'டிராவல்' என்று போடுவார், அடுத்தவர் 'கன்வேயன்ஸ்' என்று போடுவார். டேலியில் இருந்த லெட்ஜர்களிலும் இரண்டு எப்போதோ யாரோ திறந்து கைவிட்டவை.

அந்த 23 வகையை 9 ஆகக் குறைத்தோம்: ஊர் விட்டு ஊர் போகும் டிக்கெட், உள்ளூர் போக்குவரத்து, தங்கும் அறை, பேட்டா, சொந்த வண்டிக் கிலோமீட்டர், டோலும் பார்க்கிங்கும், சில்லறை உதிரிபாகம், கூரியர், இதர. இன்ஜினியர்களை உட்கார வைத்து, 'இந்தப் பில் உங்கள் கையில் இருந்தால் எதில் போடுவீர்கள்?' என்று பழைய பில்களைக் காட்டிக் கேட்டுத்தான் இந்தப் பெயர்களை முடிவு செய்தேன். அவர்களுக்குக் குழப்பமான பெயர் வைத்துவிட்டு அப்புறம் தவறாகப் போட்டார்கள் என்று கோபப்படுவது நியாயம் இல்லை.

பேட்டாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது நாள் கணக்கு, அதற்குப் பில் கிடையாது. எல்லா வகைக்கும் பில் கட்டாயம் என்று செயலியில் வைத்துவிட்டால், பேட்டா போட முடியாமல் இன்ஜினியர்கள் டீக்கடைச் சீட்டைப் படம் பிடித்து ஏற்றுவார்கள். எங்களுக்கு அதுதான் நடந்தது. பேட்டாவுக்கும் கிலோமீட்டருக்கும் பில் வேண்டாம், மற்றவற்றுக்கு வேண்டும் என்று பிரித்து வையுங்கள். உதிரிபாகம் ஸ்டாக்கில் சேர வேண்டிய பொருளாக இருந்தால் அதை இந்த வழியில் அனுப்பவே அனுப்பாதீர்கள். அது பர்ச்சேஸ் என்ட்ரி. இங்கே வருவது வாங்கிய இடத்திலேயே மாட்டித் தீர்ந்துபோகும் சில்லறை மட்டும். அதோடு ஒரே நாளில் ஒரே ஆளுக்கு ரொக்கமாக ₹10,000-க்கு மேல் கொடுத்த வியாபாரச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்பதால், அந்த எல்லையையும் செயலியில் எச்சரிக்கையாக வைத்துவிட்டேன்.

ஆட்களின் பெயரும் இதே கதைதான். எங்களிடம் ஒரே பெயரில் இரண்டு பேர், இனிஷியல்தான் வேறு. அதனால் டேலியில் ஒவ்வொரு இன்ஜினியரின் லெட்ஜர் பெயரையும் ஊழியர் எண்ணில் தொடங்கும்படி மாற்றினேன். செயலியிலும் அதே ஊழியர் எண். இணைப்பு அந்த ஊழியர் எண்ணைப் பார்த்துத்தான் பொருந்த வேண்டும்.

எது எங்கே பிறக்க வேண்டும்

லெட்ஜர்களும் ஆட்களும் டேலியில் பிறக்கட்டும், செலவு செயலியில் பிறக்கட்டும். அவசரத்துக்கு ஒரு செலவை நேரே டேலியில் போட்டுவிட்டால் நாளைக்கு அதே பில் செயலி வழியாகவும் வந்து நிற்கும். எங்கள் முதலாளி ஒரு பில்லை என் மேசையில் வைத்து 'இதையும் போட்டுடுங்க' என்றால்கூட, நான் அதைப் படம் பிடித்து செயலியில்தான் ஏற்றுகிறேன். அவருக்கும் ஓர் ஊழியர் எண் உண்டு.

டேலிக்குள் போய்விட்ட பதிவைப் பிறகு அங்கே போய்த் திருத்துவதும் இல்லை. தவறு தெரிந்தால் ஒரு எதிர் ஜர்னல் (பழைய பதிவை ரத்தாக்கும் பதிவு) போட்டு, செயலியில் புதிதாகப் போடச் சொல்கிறேன். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்கும் மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். ஆடிட்டர் அந்தத் தடத்தைப் பார்ப்பார். எதிர் ஜர்னலாக இருந்தால் காரணமும் கூடவே எழுதியிருக்கும்.

ஜிஎஸ்டி: இங்கே நிதானமாகப் போங்கள்

செயலி பில்லைப் படித்து வரியைத் தனியாகக் காட்டும். அதைப் பார்த்ததும் 'இன்புட் சிஜிஎஸ்டி', 'இன்புட் எஸ்ஜிஎஸ்டி' லெட்ஜர்களோடு பொருத்திவிடத் தோன்றும். நானும் அப்படித்தான் பொருத்தினேன்.

அகமதாபாத்தில் எங்கள் ஆள் நான்கு நாள் தங்கினார். எங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து முறையான பில்தான் வாங்கி வந்தார். ஆனால் தங்கும் அறைக்கு வரி, அந்தக் கட்டடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தைச் சேர்ந்தது. குஜராத் ஹோட்டல் போடுவது சிஜிஎஸ்டியும் குஜராத்தின் எஸ்ஜிஎஸ்டியும். நாங்கள் பதிவு செய்திருப்பது தமிழ்நாட்டில் மட்டும். அந்த வரியை நாங்கள் உள்ளீட்டு வரியாக எடுக்க, அதாவது நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, முடியாது. மாதம் 14-ம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர் 2பி என்ற உள்ளீட்டு வரி அறிக்கையில் அந்தப் பில் 'கிடைக்காது' என்ற பகுதியில் காரணத்தோடு உட்கார்ந்திருந்தது. என் டேலியிலோ அது உள்ளீட்டு வரியில் சேர்ந்திருந்தது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் இப்படி ஐந்து பில்கள்.

இதைத் தடுக்க நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாட்டுக்கு 33, குஜராத்துக்கு 24, மகாராஷ்டிராவுக்கு 27, பஞ்சாபுக்கு 03, கர்நாடகாவுக்கு 29, கேரளாவுக்கு 32. செயலியில் அந்த 15 இலக்க எண்ணைக் கேட்கும் கட்டம் கண்டிப்பாக வேண்டும். பிறகு கூகுள் ஷீட்டில் லெஃப்ட் சூத்திரத்தால் முதல் இரண்டு எழுத்தை எடுத்து, 33 ஆக இருந்தால் வரியை இன்புட் லெட்ஜருக்கும், வேறு மாநிலமாக இருந்து சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டிருந்தால் முழுத் தொகையையும் செலவு லெட்ஜருக்கும் அனுப்புகிறேன். வெளிமாநில விற்பனையாளர் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) போட்டிருந்தால் அது தனி வரிசை. சாப்பாட்டுக்கான வரியை எங்களைப் போன்றவர்கள் எடுக்க முடியாது, பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள்ளேயே இல்லை. இந்த இரண்டிலும் வரிக் கட்டத்தில் ஏதாவது எண் வந்தால் சிவப்பு நிறம் காட்டும்படி வைத்திருக்கிறேன்.

இந்த விதிகளை எழுதி முடித்ததும் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் நான் பொருத்தத்தை முடித்தேன்.

சிஎஸ்வி கோப்பை எடுக்கும்போது

செயலியிலிருந்து ஒப்புதலான செலவுகளை மட்டும் வடிகட்டி சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பத்தி பிரித்த எழுத்துக் கோப்பாக) எடுக்கிறேன். எனக்கு வேண்டிய பத்தி இவை: ரிப்போர்ட் எண், செலவின் தனி எண், ஊழியர் எண், செலவு நாள், வகை, விற்பவர் பெயர், அவருடைய ஜிஎஸ்டி எண், பில் எண், வரிக்கு முன் தொகை, வரி, மொத்தம், குறிப்பு.

இந்தக் கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். மூன்று சேதம் நடக்கும். முதலாவது, தேதி. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05/06 என்பது ஜூன் 5-க்குப் பதில் மே 6 ஆகிவிடும். 12-க்கு மேல் உள்ள தேதிகள் சரியாக இருப்பதுபோலத் தெரியும், அதனால் சட்டென்று கண்ணில் படாது. நான் செயலியிலேயே ஏற்றுமதித் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசைக்கு மாற்றிவிட்டேன். இரண்டாவது, நீண்ட எண்கள். யுபிஐ பரிவர்த்தனை எண் 12 இலக்கம். எக்செல் அதை 4.12இ+11 என்று சுருக்கிக் காட்டும், அப்படியே சேமித்தால் உண்மையான எண் போயே போய்விடும். பில் எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் அப்படித்தான். மூன்றாவது, தமிழ். எங்கள் ஆட்கள் குறிப்பைத் தமிழில் எழுதுகிறார்கள், 'ரிங் ஃப்ரேம் மோட்டார் மாற்ற இரவு தங்கினேன்' என்பதுபோல. அது கட்டம் கட்டமாக உடைந்து வரும்.

தீர்வு ஒன்றுதான். எக்செல்லில் டேட்டா தாவலுக்குப் போய் 'டெக்ஸ்ட், சிஎஸ்வியிலிருந்து' என்பதைத் தேர்ந்து, 65001 யூனிகோட் யுடிஎஃப்-8 என்று வைத்து, எண் பத்திகளையெல்லாம் டெக்ஸ்ட் என்று குறித்து இறக்குங்கள். கூகுள் ஷீட்டில் இறக்கினால் தமிழ் உடையாது. ஆனால் அங்கேயும் 'எண்களையும் தேதிகளையும் மாற்று' என்ற பெட்டியை எடுத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

டேலிக்குள் ஏற்றுவது

முதலில் பேக்கப். ஆல்ட்+ஒய் அழுத்தினால் டேட்டா மெனு, அதில் பேக்கப் இருக்கிறது. அந்த பேக்கப்பை வேறொரு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, கம்பெனி பெயரைச் 'சோதனை' என்று மாற்றிவிடுங்கள். குறைந்தது இரண்டு வாரம் எல்லாம் அந்தச் சோதனைக் கம்பெனியில்தான். வீட்டுக் கணினியில் டேலியின் கல்விப் பயன்முறையில் முயன்று பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் மாதத்தின் எல்லாத் தேதிக்கும் பதிவு போட முடியாது. உங்கள் கோப்பு சரியாக இருந்தும் ஏறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு அப்படிப் போயிற்று.

டேலி பிரைம் 4.0-லிருந்து எக்செல் கோப்பையே நேராக இறக்குமதி செய்யலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுவே நல்லது. நான் அதற்கு முன்பே எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டுக் கோப்பு வழியில் பழகிவிட்டேன், பிழை வந்தால் எந்த வரியில் வந்தது என்று எனக்கு அதில்தான் பிடிபடுகிறது.

எக்ஸ்எம்எல் என்றதும் பயப்பட வேண்டாம். டேலியில் கையால் ஒரு ஜர்னல் போடுங்கள்: உள்ளூர் போக்குவரத்து பற்று, இன்ஜினியர் லெட்ஜர் வரவு. அந்த ஒரு வவுச்சரை (கணக்குப் பதிவை) எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். தேதி, வவுச்சர் வகை, குறிப்பு, இரண்டு லெட்ஜர் வரிகள், தொகைகள் எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும். அதையே அச்சாக வைத்து, ஷீட்டில் ஒவ்வொரு வரியும் இப்படி ஒரு துண்டாக மாறும்படி சூத்திரம் எழுதினால் போதும்.

கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். தேதி 20250605 என்று இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். பற்றுத் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி வரும், வரவுக்கு வராது. நமக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் டேலியின் கோப்பில் அப்படித்தான். ஒரு வவுச்சரில் எல்லாத் தொகையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். அறை வாடகைப் பில்லில் 60 காசு நின்றால் அதற்கு ரவுண்ட் ஆஃப் லெட்ஜரில் ஒரு வரி போடுங்கள். கடைப் பெயரில் '&' குறி இருந்தால் அந்த இடத்தில் கோப்பு உடையும். கம்பெனி பெயரில் அந்தக் குறி வைத்திருக்கும் டிராவல்ஸ்காரர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! ஷீட்டிலேயே அதை 'அண்ட்' என்று மாற்றிவிடும் ஒரு சூத்திரத்தை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

முதலில் லெட்ஜர்கள் ஏறியிருக்க வேண்டும், பிறகுதான் வவுச்சர்கள். ஆல்ட்+ஓ அழுத்தினால் இறக்குமதி மெனு வரும். எது ஏறியது, எது தள்ளப்பட்டது என்று டேலி.ஐஎம்பி என்ற கோப்பில் பதிவாகும். பெரும்பாலான பிழை, லெட்ஜர் பெயர் ஓர் எழுத்து மாறியதால் வரும். நோட்டில் கோடு போட்டு எழுதியது இங்கேதான் காப்பாற்றுகிறது.

முதல் நாள் ஒரே ஒரு வவுச்சர் ஏற்றுங்கள். அடுத்த நாள் ஐந்து. அந்த ஐந்தில் ஒரு தமிழ்நாட்டு ஹோட்டல், ஒரு குஜராத் ஹோட்டல், ஒரு பேட்டா, ஒரு கிலோமீட்டர், காசு நிற்கும் ஒரு பில் என்று வகைக்கு ஒன்று இருக்கட்டும்.

ஒரே பில் இரண்டு முறை

சோதனை எல்லாம் முடிந்து நிஜக் கம்பெனியில் ஏற்றத் தொடங்கிய மூன்றாவது வாரம். ஏற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. வந்த பிறகு, பாதியில் நின்றிருக்கும் என்று நினைத்து அதே கோப்பை மறுபடி ஏற்றினேன். ஆனால் முதல் முறையே முழுதாக ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை லெட்ஜர் பாக்கியைப் பார்த்துப் பணம் அனுப்பினோம். ஒருவருக்கு ₹6,480 கூடுதலாகப் போய்விட்டது. திங்கட்கிழமை அவரே கூப்பிட்டு, 'அக்கா, பணம் ரெண்டு தடவை வந்திருக்குங்க, நான் ஏதும் தப்பாப் போட்டுட்டனா?' என்று கேட்டார். தவறு என்னுடையது. அவர் குரலில் இருந்த பதற்றம் எனக்கு ரொம்ப நாள் மனதில் நின்றது.

அதன் பிறகு எந்தச் செலவும் தன் தனி எண் இல்லாமல் டேலிக்குள் போவதில்லை. செயலி ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஈஆர்-00214 போல ஓர் எண் கொடுக்கிறது. அதையும் செலவின் தனி எண்ணையும் சேர்த்து வவுச்சரின் குறிப்பில் முதல் வார்த்தையாக வைக்கிறேன். ஷீட்டில் 'ஏறியவை' என்று ஒரு தனித் தாள் இருக்கிறது. ஒவ்வொரு இறக்குமதிக்குப் பிறகும், டேலியின் ஜர்னல் ரிஜிஸ்டரிலிருந்து அந்த எண்களை எடுத்து இந்தத் தாளில் ஒட்டுகிறேன். நான் ஏற்றியதாக நினைப்பவற்றை ஒட்டுவதில்லை, டேலியில் உண்மையில் இருப்பவற்றை மட்டும். அடுத்த வாரக் கோப்பு தயாராகும்போது கவுண்ட்இஃப் சூத்திரம் ஒவ்வொரு எண்ணையும் அந்தத் தாளில் தேடும். ஏற்கெனவே இருந்தால் அந்த வரி கோப்புக்குள் வராது. இப்போது மின்சாரம் போனாலும் கவலை இல்லை, டேலியில் இருப்பதை எடுத்து ஒட்டிவிட்டு மறுபடி கோப்பைத் தயாரித்தால் மீதி மட்டும் வரும்.

நீங்கள் எந்த மென்பொருளை எதனோடு இணைத்தாலும், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சிஎஸ்வி எடுப்பதையும் தானாக்க

ஆறு மாதம் கையால் எடுத்த பிறகு, என் அக்கா மகன் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தான். அது தினமும் இரவு ஜோஹோவின் ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் வாசல்) வழியாக ஒப்புதலானவற்றை எடுத்து ஷீட்டில் சேர்க்கிறது. எழுதத் தெரிந்தவர் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்தால், அவரிடம் இவற்றைச் சொல்லுங்கள்.

இந்தியாவில் திறந்த ஜோஹோ கணக்கின் முகவரிகள் '.இன்' என்று முடியும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் '.காம்' என்று இருக்கும், அதை அப்படியே போட்டால் உள்ளே விடாது. நிரல் உள்ளே போகும் சாவியான நுழைவு டோக்கன் ஒரு மணி நேரம்தான் செல்லும், அதைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷ் டோக்கனைப் பத்திரமாக வைக்க வேண்டும். அதை ஷீட்டின் கட்டத்தில் எழுதி வைக்காதீர்கள், ஷீட்டைப் பகிர்ந்தால் சாவியையும் பகிர்ந்ததாகிவிடும். ஸ்கிரிப்டின் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் வைக்கலாம். ஒவ்வொரு அழைப்பிலும் நிறுவன எண்ணைச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரே அழைப்பில் எல்லாப் பதிவும் வராது, பக்கம் பக்கமாகத்தான் வரும். அடுத்த பக்கம் இருக்கிறதா என்று கேட்காத நிரல் முதல் பக்கத்தோடு நின்றுவிடும், பிழை என்றும் சொல்லாது. ஸ்கிரிப்டின் நேர மண்டலம் ஏசியா/கொல்கத்தா என்று இருக்கட்டும், இல்லாவிட்டால் நள்ளிரவையொட்டிய செலவுகள் ஒரு நாள் தள்ளிப்போகும்.

இந்த அனுமதியை யார் கணக்கிலிருந்து கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஒருவருடைய சொந்தக் கணக்கில் கொடுத்தால், அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கை மூடும் நாளில் இணைப்பும் நின்றுவிடும். அலுவலகத்துக்கென ஒரு பொதுக் கணக்கு வைத்து அதில் கொடுங்கள். படிக்கும் அனுமதி மட்டும் போதும், எழுதும் அனுமதி வேண்டாம்.

டேலியையும் 9000 போர்ட்டில் (மற்ற நிரல்கள் பேசும் எண்ணிட்ட வாசலில்) திறந்து வைத்தால் எக்ஸ்எம்எல்லை நேரே அனுப்பலாம், ஆள் தொடவே வேண்டாம். நான் அதைச் செய்யவில்லை. ஷீட்டில் வந்து நிற்கும் வரிகளை வெள்ளிக்கிழமை காலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு ஏற்றுவது எனக்கு வேண்டும். 60, 70 வரி பார்க்க அரை மணி நேரம். செயலியின் படிப்பான் 1,250-ஐ 12,50 என்று படித்ததை அந்த அரை மணி நேரத்தில்தான் பிடித்திருக்கிறேன்.

மின்னஞ்சல் இணைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரயில் டிக்கெட், ஹோட்டல் முன்பதிவுக் கடிதங்களைச் செயலி தரும் தனி முகவரிக்கு முன்னனுப்பினால் பில்லாக ஏறிவிடும். ரத்து செய்த டிக்கெட்டின் முதல் கடிதமும் அப்படியே ஏறி நிற்கும் என்பதை மட்டும் ஆட்களிடம் சொல்லிவையுங்கள்.

பணம் போய்ச் சேருவதும் திரும்பிச் சொல்வதும்

வெள்ளிக்கிழமை காலை ஏற்றியதும் ஒவ்வொரு இன்ஜினியர் லெட்ஜரிலும் பாக்கி தெரியும். கிளம்பும்போது அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அது ஏற்கெனவே அதே லெட்ஜரில் பற்றாக நிற்கும், தானே கழிந்துவிடும். அட்வான்ஸுக்கென்று தனி லெட்ஜர் வைத்திருந்த காலத்தில் ஒருவருக்கு ஒரு பக்கம் கொடுக்க வேண்டியதும் இன்னொரு பக்கம் வாங்க வேண்டியதும் தனித்தனியாக நின்றது. இப்போது ஆளுக்கு ஒரே லெட்ஜர். வங்கியின் மொத்தப் பரிமாற்றக் கோப்புக்கு அந்தப் பாக்கிகளை எடுத்துக் கொடுக்கிறேன். 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் எல்லா நாளும் எல்லா நேரமும் நடக்கிறது, அதனால் முதலாளி மாலை ஆறு மணிக்கு ஒப்புதல் கொடுத்தாலும் அன்றைக்கே போய்விடும்.

பிறகு செயலிக்குத் திரும்பி, அந்த ரிப்போர்ட்களை 'பணம் கொடுத்தாயிற்று' என்று குறிக்க வேண்டும், வங்கிப் பரிவர்த்தனை எண்ணோடு. இந்தத் திரும்பும் வழியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கணக்குக்கு அது தேவையில்லைதான். ஆனால் லூதியானாவில் குளிரில் நிற்கும் ஆளுக்குத் தன் பணம் எங்கே நிற்கிறது என்று தெரியும் ஒரே இடம் அந்தச் செயலி. இதைச் செய்யத் தொடங்கிய பிறகு, 'அக்கா, என் பில் என்னாச்சுங்க?' என்ற தொலைபேசி அழைப்புகள் மிகவும் குறைந்துவிட்டன.

மாதக் கடைசியில் மூன்று கூட்டுத்தொகையை எடுக்கிறேன்: செயலியில் அந்த மாதம் ஒப்புதலானது, ஷீட்டில் ஏறியவை, டேலியில் அந்த 9 வகை லெட்ஜர்களுக்கு வந்ததோடு பிரித்த உள்ளீட்டு வரியும் ரவுண்ட் ஆஃபும். மூன்றும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் வித்தியாசத் தொகையை முதலில் ஷீட்டில் தேடுங்கள், பெரும்பாலும் அது ஒரே பில்லின் முழுத் தொகையாக இருக்கும்.

மார்ச் மட்டும் தனி. மார்ச் 28-ம் தேதி செலவு செய்து, ஏப்ரல் 4-ல் ஒப்புதலாகி, ஏப்ரல் 10-ல் பணம் போகும் பில்லுக்கு வவுச்சர் தேதி செலவு நாளாகவே இருக்க வேண்டும், அது பழைய ஆண்டுக் கணக்கு. கோப்பில் எந்தத் தேதிப் பத்தியை வவுச்சர் தேதியாக எடுக்கிறீர்கள் என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். நாங்கள் இன்ஜினியர்களுக்கு ஏப்ரல் 7-ஐக் கடைசி நாளாக வைத்திருக்கிறோம். மார்ச் மாதப் பில் எதுவாக இருந்தாலும் அதற்குள் செயலியில் ஏறிவிட வேண்டும் என்று 1-ம் தேதியும் 5-ம் தேதியும் நானே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.